அமிகா 500-இல் பிராசஸரை மாற்றினால் நிஜமாகவே வேகம் கூடுமா?

கேட்டவர் கொடுத்த விவரம் இவ்வளவு. கையில் கொமடோர் கம்பெனியின் அமிகா 500 என்ற பழைய வீட்டுக் கம்ப்யூட்டர் இருக்கிறது, நன்றாக ஓடுகிறது. அடியில் 512 கே.பி. கூடுதல் மெமரி அட்டை செருகியிருக்கிறது. ரோம் சிப்பில் இருக்கும் அடிப்படை மென்பொருள் கிக்ஸ்டார்ட் 1.3. உள்ளே இருக்கும் பிராசஸரான மோட்டரோலா 68000-ஐக் கழற்றிவிட்டு அதே சாக்கெட்டில் 68010 வைத்தால் "இரட்டிப்பு வேகம்" என்று எங்கோ படித்திருக்கிறார். அல்லது ஒரேயடியாக வேகமான 68030 பிராசஸர் உள்ள ஆக்சிலரேட்டர் போர்டு வாங்கிவிடலாமா, வாங்கினால் பழைய விளையாட்டுகள் ஓடாமல் போகுமா என்றும் கேட்கிறார். பார்க்க மூன்று கேள்வி. ஆனால் அடியில் இருப்பது ஒன்றுதான்: இந்த மெஷினை மந்தமாக்குவது பிராசஸரா, வேறு ஏதாவதா? அது தெளிவானால் எதை வாங்குவது, எதை விடுவது என்பது தானாக முடிவாகிவிடும்.

நான் ஹார்டுவேர் டிசைன் வேலையில் இருப்பவன். 68000 குடும்பச் சிப்புகளை வைத்துத் தொழிற்சாலைக் கருவிகளுக்கு போர்டு செய்த அனுபவம் உண்டு. பின்னாளில் பொழுதுபோக்காக அமிகாக்களைச் சரிபார்க்க ஆரம்பித்தேன். அதிலும் 500, 1200 இரண்டும்தான் எனக்கு நல்ல பழக்கம். 2000, 4000 மாதிரி பெரிய பெட்டிகளின் கதை வேறு, அவற்றை இங்கே தொடவில்லை. உங்கள் போர்டை நான் பார்க்கவும் இல்லை. ஆகவே கீழே சொல்வதில் சிப்புகளின் குணத்தை உறுதியாகச் சொல்ல முடியும்; உங்கள் மெஷினின் ஆரோக்கியத்தைப் பற்றிச் சொல்வது ஊகம்தான்.

முதலில் 68010. இரட்டிப்பு வேகம் என்பது நிச்சயமாக உண்மை இல்லை. இந்தச் சிப்பை மோட்டரோலா 1982-இல் கொண்டுவந்தது. 68000-க்கு உள்ள அதே 64 கால், அதே வரிசை, அதே 16 பிட் டேட்டா பஸ். அதனால்தான் சாக்கெட்டில் நேராக உட்காருகிறது, ஒரு வயர்கூட இழுக்க வேண்டாம். கிளாக்கும் அதே 7.09 மெகாஹெர்ட்ஸ்தான் (அமெரிக்க என்டிஎஸ்சி மெஷினாக இருந்தால் 7.16). வேகம் கூடுவது இரண்டு மூன்று இடங்களில் மட்டும். ஒன்று, லூப் மோடு. ஒரு குட்டிக் கட்டளை, அதைத் திரும்பத் திரும்ப ஓட்டும் டிபிஎஃப் கட்டளை, இவ்வளவுதான் சுழல் என்றால் 68010 அந்தக் கட்டளைகளை மெமரியிலிருந்து மறுபடி எடுக்காமல் உள்ளேயே வைத்துக்கொண்டு ஓட்டும். மெமரியை ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு நகலெடுக்கும் எளிய சுழலுக்கு இது நல்ல உதவி. ஆனால் வேகம் முக்கியம் என்று நினைத்த அமிகா புரோகிராமர் யாரும் அப்படிச் சுழல் எழுதியிருக்க மாட்டார்கள். மூவ்எம் கட்டளையால் பல ரிஜிஸ்டர்களை ஒரே வீச்சில் நகர்த்தியிருப்பார்கள், இல்லாவிட்டால் வேலையை, மெமரியை நகலெடுக்கவே இருக்கும் பிளிட்டர் என்ற தனிப் பகுதியின் தலையில் கட்டியிருப்பார்கள். இரண்டாவது, பெருக்கலும் வகுத்தலும். 68000-இல் 70 கிளாக் வரை போகும் 16 பிட் பெருக்கல், 68010-இல் 40 அளவில் முடிந்துவிடும். எல்லாம் சேர்த்துப் பார்த்தால் சாதாரண உபயோகத்தில் சில சதவீதம். அளந்தால் தெரியும், உட்கார்ந்து பயன்படுத்தும்போது தெரியாது.

அந்தச் சில சதவீதத்துக்கு ஒரு விலையும் உண்டு. 68000-இல் ஸ்டேட்டஸ் ரிஜிஸ்டரைப் படிக்கும் கட்டளையை எந்த புரோகிராமும் பயன்படுத்தலாம். 68010-இல் அதை சூப்பர்வைசர் நிலையில், அதாவது இயக்கமுறைக்குரிய முழு அதிகாரத்தோடு, ஓடுபவை மட்டுமே பயன்படுத்தலாம் என்று மாற்றிவிட்டார்கள். ஒரு இயக்கமுறையை இன்னொன்றின் கீழ் மறைவாக ஓட்டுவதற்கு அது தேவைப்பட்டது, காரணம் நியாயமானதுதான். ஆனால் 68000-ஐ மட்டுமே மனதில் வைத்து எழுதிய சில புரோகிராம்கள் அந்த இடத்தில் விழுந்துவிடும். சிவப்புப் பெட்டியில் குரு மெடிட்டேஷன் என்ற அமிகாவின் பிழைச் செய்தி வந்து, எண்ணின் முதல் பாதி 8 என்று முடிந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம். டெசிஜெல் என்று ஒரு சின்ன புரோகிராம் அந்தக் காலத்திலேயே வந்தது. பூட் ஆகும்போது அதை ஓட்டிவிட்டால் இந்தத் தவறைப் பிடித்துச் சரிசெய்துகொள்ளும். ஆனால் பிளாப்பியிலிருந்தே நேராக பூட் ஆகும் விளையாட்டுக்கு முன்னால் அதை எப்படி ஓட்டுவது? முடியாது. எக்ஸெப்ஷன், அதாவது பிழையோ குறுக்கீடோ, வரும்போது பிராசஸர் தன் நிலையை ஸ்டாக்கில் எழுதிவைக்கும் வடிவமும் 68010-இல் மாறிவிட்டது, அதனால் சில நகல் தடுப்புப் பூட்டுகளும் குழம்பும்.

சரி, 68010-ஆல் உருப்படியான பயன் எதுவுமே இல்லையா என்றால் ஒன்று இருக்கிறது, அது வேகத்தோடு சம்பந்தப்பட்டது இல்லை. குறுக்கீடு வந்தால் எங்கே போக வேண்டும் என்று பிராசஸருக்குச் சொல்லும் வெக்டர் அட்டவணையை மெமரியில் வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்ள உதவும் விபிஆர் என்ற ரிஜிஸ்டர் இதில்தான் முதலில் வந்தது. ஹார்டு டிஸ்கிலிருந்து பழைய விளையாட்டுகளை ஓட்ட டபிள்யூஹெச்டிலோட் பயன்படுத்துபவர்களுக்கு இது முக்கியம். விளையாட்டின் நடுவில் ஒரு கீயை அழுத்தி மெஷினை ரீசெட் செய்யாமலே அமிகாவின் ஜன்னல் திரையான ஒர்க்பெஞ்சுக்குத் திரும்பும் வசதி, விபிஆர் இருந்தால்தான் எல்லா விளையாட்டிலும் நம்பகமாக வேலை செய்யும். அந்த வசதிக்காக 68010 போடுகிறேன் என்று யாராவது சொன்னால் தலையாட்டுவேன். வேகத்துக்காக என்றால் மாட்டேன்.

இப்போது அசல் விஷயத்துக்கு வருகிறேன். 500-இல் பிராசஸர் தனியாள் இல்லை. படம் காட்ட, ஒலி கொடுக்க, பிளாப்பி படிக்க என்று அக்னஸ், டெனிஸ், பாலா என்ற மூன்று தனிச் சிப்புகள் இருக்கின்றன. அவையும் பிராசஸரும் ஒரே மெமரியை, அதாவது சிப் ரேமை, பங்கு போட்டுக்கொள்கின்றன. தெருக்குழாய் ஒன்று, குடங்கள் பல. யார் எப்போது பிடிப்பது என்று முறை வைத்துக்கொடுப்பது அக்னஸ். ஐரோப்பிய பால் (PAL) முறை டிவியில் ஒரு கோடு வரைய 64 மைக்ரோ விநாடி ஆகும். அந்த நேரத்துக்குள் மெமரியைத் தொடச் சுமார் 227 வாய்ப்புகள்தான் உண்டு, ஒவ்வொன்றிலும் 16 பிட். அதில் மெமரி ரெஃப்ரெஷுக்கு 4, டிஸ்குக்கு 3, ஒலிக்கு 4, ஸ்பிரைட்டுகள் என்ற நகரும் குட்டிப் படங்களுக்கு 16 என்று முதலிலேயே ஒதுக்கீடு ஆகிவிடும். 320 புள்ளி அகலத்தில் 16 நிறப் படம் காட்ட 80 வாய்ப்பு. 640 புள்ளி அகலத்தில் அதே 16 நிறம் என்றால் 160. படம் வரையும் பகுதியில் இருப்பதே அந்த 160 வாய்ப்புதான், எனவே அந்த நேரம் முழுக்க பிராசஸர் சிப் ரேமைத் தொடவே முடியாமல் கையைக் கட்டி நிற்கும். ஒர்க்பெஞ்சை 16 நிறத்தில் வைத்தால் ஜன்னல்கள் தேங்காய் எண்ணெயில் நீந்துவது போல் நகர்வதற்கு இதுதான் காரணம், பிராசஸர் இல்லை.

68000-இன் சுபாவத்துக்கு இந்த ஏற்பாடு அருமையாகப் பொருந்தியது என்பதையும் சொல்ல வேண்டும். அந்தச் சிப் ஒரு முறை மெமரியைத் தொட நான்கு கிளாக் எடுக்கும். அதாவது இரண்டு வாய்ப்பில் ஒன்றுதான் அதற்குத் தேவை. மற்றதைத் தனிச் சிப்புகள் எடுத்துக்கொள்ளும். 320 அகலத்தில் 16 நிறம் வரை இருவரும் ஒருவரை ஒருவர் இடிக்காமல் ஓடலாம். இதைத் திட்டமிட்டவர்கள் கெட்டிக்காரர்கள். கணக்குப் போட்டால் 7.09 மெகாஹெர்ட்ஸை நான்கால் வகுத்து இரண்டு பைட்டால் பெருக்க, விநாடிக்குச் சுமார் 3.5 எம்.பி. பிராசஸருக்கு சிப் ரேமில் கிடைக்கக்கூடிய உச்சம் அவ்வளவுதான். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எந்த பிராசஸரைக் கொண்டுவந்து வைத்தாலும் 500-இன் சிப் ரேம் இதற்கு மேல் ஒரு அடிகூட வேகமாக வராது.

உங்கள் மெஷினின் அடியில் செருகியிருக்கும் 512 கே.பி. அட்டையும் இதே வரிசையில்தான் நிற்கிறது. தனிச் சிப்புகளால் அதைப் பயன்படுத்த முடியாது, ஆனாலும் அது அக்னஸின் பஸ்ஸிலேயே தொங்குகிறது. அதனால் தனிச் சிப்புகள் வேலையாக இருக்கும்போது பிராசஸர் அதையும் தொட முடியாது. அமிகாக்காரர்கள் அதை ஸ்லோ ரேம் என்று அழைப்பது கிண்டலாக இல்லை, நிஜமாகவே. இதற்கு நேரெதிர் ஃபாஸ்ட் ரேம். பிராசஸருக்கு மட்டுமே சொந்தம், அக்னஸிடம் முறை கேட்க வேண்டாம். 500-இல் பிராசஸரை மாற்றாமல் 8 எம்.பி. வரை ஃபாஸ்ட் ரேம் மட்டும் சேர்க்கும் அட்டைகள் கிடைக்கின்றன. படம் எளிமையாக இருக்கும்போது அதனால் பெரிய மாற்றம் தெரியாது, ஏனென்றால் 68000 எப்படியும் தன் பங்கை முழுதாக வாங்கிக்கொண்டுதான் இருந்தது. நிறங்கள் கூடும்போதும் பிளிட்டர் ஓடும்போதும்தான் வித்தியாசம் தெரியும். இதையே அமிகா 1200-உடன் ஒப்பிடுங்கள். அதில் 14 மெகாஹெர்ட்ஸ் 68இசி020. அது சிப் ரேமுக்காகக் காத்திருந்தே பாதி நேரத்தை விடுகிறது. அந்த மெஷினில் பிராசஸரைத் தொடாமல் ஃபாஸ்ட் ரேம் மட்டும் போட்டாலே வேகம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. "இரட்டிப்பு வேகம்" என்று நீங்கள் படித்தது இந்த விஷயமாக இருக்கலாம், யாரோ கதையை மாற்றிச் சொல்லியிருக்கலாம் என்பது என் ஊகம்.

பழைய 14 மெகாஹெர்ட்ஸ் தந்திரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இன்னும் சிலர் அதைச் செய்து பார்க்கிறார்கள். 68000-க்கு உள்ளே போகும் கிளாக்கை மட்டும் இரட்டித்து, பஸ்ஸைப் பழைய வேகத்திலேயே விடுவது. பிராசஸர் இரண்டு மடங்கு வேகமாக யோசிக்கும், ஆனால் கட்டளையை எடுக்க அதே வரிசையில் நிற்கும். பெருக்கல், வகுத்தல், நீண்ட ஷிஃப்ட் ஆகியவை வேகமாகும், மற்றது அப்படியே. ஐசிடி நிறுவனத்தின் ஆட்ஸ்பீட் இதைத்தான் கொஞ்சம் புத்திசாலித்தனமாகச் செய்தது: 14 மெகாஹெர்ட்ஸ் 68000-உடன் 32 கே.பி. கேஷும் (பிராசஸருக்குப் பக்கத்திலேயே இருக்கும் சிறிய வேக மெமரி) வைத்து, அடிக்கடி வேண்டிய கட்டளைகளை வரிசைக்குப் போகாமலே எடுக்க வழி செய்தது. அந்தக் கேஷ் இல்லாத வெறும் கிளாக் இரட்டிப்புக்குச் செலவழிக்காதீர்கள்.

68020-உம் 68030-உம் நேராக சாக்கெட்டில் ஏன் உட்காருவதில்லை என்பதற்கு, கால்களின் எண்ணிக்கை வேறு என்பதைத் தாண்டி ஒரு காரணம் இருக்கிறது. 68000-இல் ஈ கிளாக் என்று ஒரு கால் உண்டு. மோட்டரோலாவின் இன்னும் பழைய 6800 காலத்துத் துணைச் சிப்புகளோடு பேசுவதற்காக வைத்தது. பிராசஸர் கிளாக்கில் பத்தில் ஒரு பங்கு வேகத்தில் ஓடும். அமிகாவில் கீபோர்டு, டிஸ்க் மோட்டார், டைமர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் இரண்டு 8520 சிப்புகளும் இந்த ஈ கிளாக்கை நம்பித்தான் இருக்கின்றன. 68020-இல் அந்தக் காலையே எடுத்துவிட்டார்கள். ஆக்சிலரேட்டர் போர்டு செய்பவர் அதைத் தனி லாஜிக் வைத்துப் போலியாக உண்டாக்கிக் கொடுக்க வேண்டும். அதில் நேரக்கணக்கு கொஞ்சம் பிசகினாலும் கணக்குப் போடுவதெல்லாம் அட்டகாசமாக ஓடும், ஆனால் பிளாப்பி தகராறு செய்யும், கீபோர்டு எழுத்தை விழுங்கும். புதுப் போர்டு வைத்த பிறகு இந்த மாதிரி சம்பந்தமில்லாத இடத்தில் கோளாறு வந்தால் பிளாப்பி டிரைவைத் திட்டுவதற்கு முன் போர்டின் ஃபர்ம்வேரைப் புதுப்பித்துப் பாருங்கள்.

68020-இல் 256 பைட் கட்டளைக் கேஷ் வந்தது. 68030-இல் அதோடு 256 பைட் டேட்டா கேஷும், மெமரி முகவரிகளை மேலாண்மை செய்யும் எம்எம்யூவும் சேர்ந்தன. இன்றைய கண்ணுக்கு அது ஒன்றுமே இல்லை. ஆனால் ஒரு குட்டிச் சுழல் முழுக்க அதற்குள் அடங்கிவிடும், அடங்கினால் பஸ் வரிசை மறந்தே போகும். இருந்தாலும் இந்தப் போர்டுகளின் உயிர் கேஷில் இல்லை, போர்டிலேயே பொருத்திய 32 பிட் ஃபாஸ்ட் ரேமில்தான். ஃபாஸ்ட் ரேம் இல்லாத 68020 அட்டையை 500-இல் வைத்தால், 32 பிட் பிராசஸர் 16 பிட் சிப் ரேமிடம் கையேந்தி நிற்கும்; காசுக்கு ஏற்ற பலன் இருக்காது. அந்தக் காலத்தில் ஜிவிபி விற்ற ஏ530 நல்ல எடுத்துக்காட்டு. 500-இன் இடது பக்கத் துளையில் செருகும் தனிப் பெட்டி. 40 மெகாஹெர்ட்ஸ் 68இசி030, ஸ்கஸி ஹார்டு டிஸ்க், கூடவே 8 எம்.பி. வரை சொந்த ரேம். மூன்றும் சேர்ந்ததால்தான் அதற்கு அவ்வளவு பெயர். இப்போது கிடைக்கும் டிஎஃப்536 மாதிரி திறந்த வடிவமைப்புகளும் அதே பாடம்தான்: 68030, ரேம், கூடவே ஐடிஇ டிஸ்க் இணைப்பு, எல்லாம் சாக்கெட் மேல் உட்காரும் ஒரே சிறு அட்டையில்.

விளையாட்டுகள் என்ன ஆகும் என்ற கேள்விக்கு நேர்மையான பதில், விளையாட்டைப் பொறுத்தது. பொதுவாக எதனால் கெடும் என்று மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும். தன் கட்டளையைத் தானே மாற்றி எழுதிக்கொள்ளும் புரோகிராம், கேஷ் உள்ள பிராசஸரில் பழைய கட்டளையையே ஓட்டிக்கொண்டிருக்கும். பிளிட்டர் முடித்ததா என்று பார்க்காமல் "இந்நேரம் முடித்திருக்கும்" என்று ஊகித்து எழுதியது, வேக பிராசஸரில் படத்தைக் கந்தலாக்கும். மாட் என்ற அமிகா இசைக் கோப்புகளை வாசிக்கும் பல ரொட்டீன்கள் ஒலிச் சேனலை நிறுத்திவிட்டு, வெறும் சுழல் ஒன்றை ஓட்டிக் காத்திருந்து, மறுபடி தொடங்கும். அந்தச் சுழலின் நீளம் 68000-க்கு அளந்தது. 68030-இல் அது கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும், ஸ்வரங்கள் அங்கங்கே விழுங்கப்படும். அப்புறம் முகவரிப் பிரச்சினை. 68000 வெளியே காட்டுவது 24 பிட் முகவரிதான், ஆனால் உள்ளே ரிஜிஸ்டர் 32 பிட். சும்மா கிடந்த மேல் எட்டு பிட்டில் சிலர் சொந்தத் தகவலை ஒளித்துவைத்தார்கள். மைக்ரோசாஃப்ட் எழுதி, மெஷினோடு வந்த அமிகாபேசிக்கே அப்படித்தான். முழு 32 பிட் முகவரி உள்ள பிராசஸரும் அதற்கேற்ற ரேமும் வந்தபோது அது சரிந்து விழுந்தது.

இன்னொரு பக்கம், 50 ஹெர்ட்ஸ் திரையோடு கட்டிப்போட்ட தாவிக் குதிக்கும் விளையாட்டுகளுக்கு வேக பிராசஸரால் எந்த லாபமும் இல்லை. அவை ஏற்கெனவே ஓட வேண்டிய வேகத்தில்தான் ஓடுகின்றன. லாபம் அடைவது முப்பரிமாணக் கணக்குப் போடுபவை. 1993-இல் வந்த ஃபிரான்டியர், விமான சிமுலேட்டர்கள், ரே டிரேசிங் செய்யும் இமேஜின் போன்ற மென்பொருள்கள். ஒரு படம் ரெண்டர் ஆக இரவு முழுக்க விட்டுவைத்த வேலை, ஃபாஸ்ட் ரேமோடு கூடிய 50 மெகாஹெர்ட்ஸ் 030-இல், அதிலும் தசமக் கணக்குகளுக்கான மிதவைப் புள்ளிச் சிப் இருந்தால், சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் முடியும். அந்த வித்தியாசத்துக்குச் செலவழிப்பது நியாயம்.

பைஸ்டார்ம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வாங்கப் போனால் கண்ணில் படாமல் இருக்காது. 68000 இருந்த சாக்கெட்டில் ஒரு சிறு இடைமுக அட்டை, அதன் மேல் ராஸ்பெரி பை. எமு68 என்ற மென்பொருள் 68000 கட்டளைகளை ஓடும்போதே ஆர்ம் கட்டளைகளாக மாற்றித் தள்ளுகிறது. கணக்கு வேகத்தில் இந்தக் குடும்பத்தின் கடைசிச் சிப்பான உண்மையான 68060-ஐயே தூக்கிச் சாப்பிடும், விலையோ 030 போர்டைவிடக் குறைவு. இது அமிகாவா, அமிகா வேடம் போட்ட பையா என்ற சண்டை ஓயாது. நான் அதில் இறங்கவில்லை. என் கவனம் அந்த 3.5 எம்.பி. மீதுதான். 320-க்கு 200 திரையை 32 நிறத்தில் முழுதாக மென்பொருளே வரைந்து சிப் ரேமுக்கு எழுத வேண்டும் என்றால் ஒரு ஃபிரேமுக்கு 40,000 பைட். விநாடிக்கு 3.5 எம்.பி. கணக்கில் எழுதுவதற்கு மட்டுமே 11 மில்லி விநாடிக்கு மேல். ஐம்பது ஃபிரேம் ஓட வேண்டும் என்றால் உங்களிடம் இருப்பது மொத்தம் 20. 32 நிறத்தில் திரையே பிராசஸரின் வாய்ப்புகளைத் திருடத் தொடங்கிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உள்ளே எத்தனை ஜிகாஹெர்ட்ஸ் இருந்தாலும் இந்த வாசலை அகலமாக்க முடியாது.

கைவேலை பற்றி. 500-இல் பெரும்பாலும் 68000 சாக்கெட்டில்தான் இருக்கும், சால்டர் செய்திருக்காது. இது பெரிய அதிர்ஷ்டம். 600-இலும் 1200-இலும் அப்படி இல்லை. அடியில் இருக்கும் டார்க்ஸ் திருகுகளைக் கழற்றி, கீபோர்டு இணைப்பை எடுத்து, உலோகக் கவசத்தின் மடக்குகளை நிமிர்த்தினால் போர்டு தெரியும். சிப்பை எடுக்கும் முன் போட்டோ எடுங்கள், ஒரு முனையில் இருக்கும் பள்ளம் எந்தப் பக்கம் என்று பாருங்கள். தட்டையான ஸ்க்ரூ டிரைவரைச் சிப்புக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே விட்டு, இரண்டு முனையிலும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளப்ப வேண்டும். சாக்கெட்டுக்கும் போர்டுக்கும் நடுவில் விட்டு நெம்பினால் அடியில் ஓடும் செப்புக் கோடுகள் அறுந்துவிடும். அட்டையின் கால்கள் தடிமனாக இருந்தால் பழைய சாக்கெட்டின் நாக்குகள் விரிந்துபோகும், பிறகு அசல் சிப்பை வைத்தால் பிடிக்காது. மெல்லிய உருண்டைக் கால் உள்ள அட்டையாகப் பார்த்து வாங்குங்கள். ஆக்சிலரேட்டர் வைத்தபின் உலோகக் கவசத்தைப் பெரும்பாலும் திரும்ப மூட முடியாது.

இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அடியில் இருக்கும் அந்த மெமரி அட்டையை வெளியே எடுங்கள். கொமடோரின் ஏ501 அல்லது அதன் நகலாக இருந்தால், கடிகாரத்துக்காக அதில் ஒரு நிக்கல் காட்மியம் பேட்டரி இருக்கும். இத்தனை வருஷத்தில் அது கசிந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் பேட்டரியை வெட்டி எறிந்துவிட்டு, அந்த இடத்தை வினிகர் தொட்டுத் துடைத்து, பிறகு ஆல்கஹாலால் கழுவுங்கள். மெயின் போர்டின் கனெக்டர் வரை அரிப்பு போயிருக்கிறதா என்றும் பாருங்கள். அரிப்பு இருக்கும் போர்டில் புது பிராசஸர் வைத்துவிட்டு, ஏன் தொங்குகிறது என்று வாரக்கணக்கில் தேடுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து மின்சாரம். போர்டை ஓடவிட்டு 5 வோல்ட் கோட்டை மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். இந்தச் சிப்புகளுக்கு 4.75-க்குக் கீழே போகக் கூடாது. பவர் சப்ளையில் 5 வந்தாலும் கம்பியிலும் கனெக்டரிலும் கொஞ்சம் இறங்கித்தான் போர்டுக்கு வரும். ஆக்சிலரேட்டர், டிஸ்க் எல்லாம் சேர்ந்தால் இன்னும் இறங்கும். பழைய சப்ளையின் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்களுக்கு முப்பது வயதுக்கு மேல். அதைத் திறந்து நீங்களே சரிசெய்யச் சொல்ல மாட்டேன், மெயின்ஸ் மின்சாரம் விளையாட்டில்லை. புதிதாகச் செய்து விற்கும் மாற்றுச் சப்ளை ஒன்று வாங்குவது, பிராசஸருக்குக் கொடுக்கும் காசைவிடப் பயனுள்ள செலவு.

சிப் வாங்கும்போது ஜாக்கிரதை. பழைய மோட்டரோலா சிப்புகளின் மேல்தோலைச் சுரண்டிவிட்டுப் புது எழுத்து அச்சடித்து விற்பது பெரிய வியாபாரம். 68060-இல் இது அதிகம்: மிதவைப் புள்ளி அலகு இல்லாத மலிவு வகையை முழு 68060 என்று எழுதித் தள்ளிவிடுவார்கள். 68010-இலும் எழுத்து ஒன்று, உள்ளே 68000 என்று எனக்கே வந்திருக்கிறது. அமிகாவில் சிஸ்இன்ஃபோ என்ற புரோகிராமை ஓட்டினால் உள்ளே இருப்பது எது என்று சொல்லிவிடும். வந்த அன்றே ஓட்டிப் பாருங்கள், திருப்பி அனுப்பும் காலம் முடிவதற்குள்.

இனி உங்களுக்கு என்ன சொல்வேன் என்றால்: பிளாப்பியில் பழைய விளையாட்டு ஆடுவது மட்டும்தான் ஆசை என்றால் 68000-ஐத் தொடாதீர்கள். அந்த விளையாட்டுகள் அந்தச் சிப்புக்காகவே எழுதியவை. ஹார்டு டிஸ்கிலிருந்து டபிள்யூஹெச்டிலோட் வழியாக ஆட வேண்டும் என்றால், முதலில் ஃபாஸ்ட் ரேமும் ஐடிஇ இணைப்பும் உள்ள ஒரு மலிவான அட்டை, கூடவே கிக்ஸ்டார்ட் 3.1 ரோம், உங்கள் 1.3-இல் டபிள்யூஹெச்டிலோட் ஓடாது, குறைந்தது 2.0 வேண்டும். 68010 கையில் கிடைத்தால் அதையும் சேர்த்து வையுங்கள், கெடுதல் குறைவு. ரே டிரேசிங், ஃபிரான்டியர், ஒர்க்பெஞ்சிலேயே வேலை என்றால் ஃபாஸ்ட் ரேம் உள்ள 030 போர்டுக்குப் போங்கள், அதுவும் ஒரு ஸ்விட்சாலோ மெனுவாலோ கேஷையும் ஆக்சிலரேட்டரையும் அணைக்க வழி இருக்கும் போர்டாகப் பார்த்து. இந்த வழியிலும் கிக்ஸ்டார்ட் 1.3 காலை வாரும். 24 பிட் எல்லைக்கு வெளியே இருக்கும் 32 பிட் ரேமை அது தானாகச் சேர்த்துக்கொள்ளாது, 68030 என்ற பிராசஸர் இருப்பதே அதற்குத் தெரியாது.

ரோம் மாற்றுவதில் ஒரு சிறு சிக்கல்: பழைய ரிவிஷன் போர்டுகளில் 512 கே.பி. ரோம் நேராக வேலை செய்யாது, சாக்கெட்டில் ஒரு வயர் இழுக்கவோ அடாப்டர் வைக்கவோ வேண்டும். மூடியைத் திறக்கும்போது போர்டில் அச்சடித்திருக்கும் ரிவிஷன் எண்ணையும் (5, 6ஏ என்ற மாதிரி இருக்கும்), அக்னஸ் சிப்பின் மேல் இருக்கும் நான்கு இலக்க எண்ணையும், 5 வோல்ட் கோட்டில் என்ன அளவு வந்தது என்பதையும் இங்கே எழுதுங்கள். எந்த அட்டை பொருந்தும், வயர் தேவையா இல்லையா என்று அதை வைத்துத் திட்டமாகச் சொல்கிறேன்.